ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு டேஷ்போர்டு

குழு: தாத்தா கல்வி நிதி

வியாழன்

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை வீடியோ கூட்டம். நிதியில் பணமே மிச்சம் இல்லை என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. யார் கிளப்பியது என்று கேட்கப் போவதில்லை. முரளி, வரவும் செலவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு டேஷ்போர்டு போட்டுவிடு.

சித்தப்பா: கிளப்பியது நான்தான். கேட்டால் குற்றமா?

அத்தை: தொடங்கிவிட்டீர்களா இரண்டு பேரும்

ரவி மாமா: எக்செல்லில் அனுப்பினால் போதாதா

முரளி: மாமா, எக்செல்லில் அனுப்பினால் அனுப்பிய நிமிடத்திலிருந்து அது பழசு. ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு எது சரி என்று சண்டை போடுவோம். கணக்கு முழுக்க இப்போது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது: உறுப்பினர்கள் ஒரு டேபிள், கட்டிய தவணைகள் ஒன்று, மாணவர்கள் ஒன்று, யார் யாரைப் பரிந்துரைத்தார் என்பது ஒன்று, கொடுத்த உதவி ஒன்று. டேஷ்போர்டு தனியாகக் கணக்கு எழுதி வைப்பதில்லை. திறக்கும்போது தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் மொழியில் கேள்வி கேட்கும், திரும்பி வரும் வரிசைகளைப் பட்டையாகவோ கோடாகவோ வரைந்து காட்டும். ஆக, மூலம் ஒன்றுதான். அதைத் திருத்தினால் எல்லோர் திரையும் திருந்தும்.

அத்தை: சரிப்பா

தேன்மொழி: எந்த டூல்?

முரளி: அக்கா, கிராஃபானாவா மெட்டாபேஸா என்று யோசிக்கிறேன். கிராஃபானா 2014இல் வந்தது, நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கிற அளவுகளைக் காட்டுவதில் கெட்டி. சர்வர் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கை வருகிறது, அந்த மாதிரி. நம்முடையது மாதம் ஒருமுறை அசைகிற கணக்கு. அத்தையும் மாமாவும் எஸ்க்யூஎல் எழுதாமலே தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மெட்டாபேஸ்தான் தோது.

தேன்மொழி: மெட்டாபேஸ். ஆனால் அதன் சொந்த விவரங்களை எச்2 கோப்பில் விட்டுவிடாதே.

ரவி மாமா: எச்2வா?

முரளி: மாமா, மெட்டாபேஸுக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். யாருக்கு லாகின், என்ன கேள்விகளைச் சேமித்தோம் என்பதெல்லாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எச்2 என்கிற சின்னக் கோப்பில் எழுதிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க அது போதும். டாக்கரில், அதாவது மென்பொருளைக் கண்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும்போது, அந்தக் கண்டெய்னரைத் தூக்கிவிட்டுப் புதிது போட்டால் அந்தக் கோப்பும் போய்விடும். அதற்கும் போஸ்ட்கிரஸிலேயே தனியாக ஒரு டேட்டாபேஸ் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை: (புகைப்படம்)

அத்தை: பரணில் கிடைத்தது. அப்பா மடியில் யார் என்று சொல்லுங்கள்

சுதா: அப்பாவா?

பெரியப்பா: நான்.

சித்தப்பா: அண்ணா, அது நான். நீங்கள் பின்னால் முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ரவி மாமா: முறைப்பை வைத்துப் பார்த்தால் சித்தப்பா சொல்வதுதான் சரி

பெரியப்பா: முரளி, வேலை எதுவரை வந்திருக்கிறது?

வெள்ளி

முரளி: மெட்டாபேஸ் ஓடுகிறது. தரவுத்தளத்தோடு சேர மாட்டேன் என்கிறது. ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432 கொடுத்தேன். கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு.

தேன்மொழி: டாக்கருக்குள் இருந்தா?

முரளி: ஆமாம் அக்கா.

தேன்மொழி: கண்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான். உன் மெஷின் இல்லை. ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்று கொடு. லினக்ஸ் என்றால் ஹோஸ்ட்-கேட்வே வரியையும் சேர்க்க வேண்டும்.

அத்தை: இவர்கள் என்ன மொழியில் பேசுகிறார்கள்

முரளி: அத்தை, ஒன்றும் இல்லை. மெட்டாபேஸும் போஸ்ட்கிரஸும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். கதவு மூன்று. முதலாவது அக்கா சொன்ன முகவரி. இரண்டாவது, போஸ்ட்கிரஸ் வழக்கமாகத் தன் மெஷினுக்குள் இருந்து வருகிற அழைப்பை மட்டுமே எடுக்கும். அது எந்த முகவரிகளில் காது கொடுக்க வேண்டும் என்று லிசன் அட்ரஸஸ் என்கிற அமைப்பில் சொல்ல வேண்டும். மூன்றாவது பிஜி எச்பிஏ என்று ஒரு கோப்பு. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்த டேட்டாபேஸுக்கு, எப்படி அடையாளம் காட்டி வரலாம் என்று அதில் வரி வரியாக இருக்கும். பொருந்துகிற வரி இல்லையென்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

சித்தப்பா: அப்பாவின் கணக்கு நோட்டை அண்ணன் பூட்டி வைத்த மாதிரி

பெரியப்பா: பூட்டியதால்தான் இன்றும் இருக்கிறது.

அத்தை: வேண்டாம்

முரளி: இணைந்துவிட்டது!!

ரவி மாமா: சபாஷ்

சித்தப்பா: அப்படியென்றால் பாஸ்வேர்டை இங்கேயே போடு. எல்லோரும் பார்க்கட்டும்.

ரவி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேன்மொழி: மாமா, அது அட்மின் பாஸ்வேர்டா?

ரவி மாமா: உடனே எடுத்துவிட்டேனே

முரளி: எடுத்தாலும் பார்த்தவர் பார்த்ததுதான் மாமா. மாற்றிவிட்டேன். சித்தப்பா, தயவுசெய்து இதைப் படியுங்கள், முக்கியம். இதில் இரண்டு சாவி. ஒன்று நீங்கள் மெட்டாபேஸைத் திறக்கிற லாகின். அது ஆளுக்கு ஒன்று, தனியாக அனுப்புகிறேன். இன்னொன்று மெட்டாபேஸ் தரவுத்தளத்தைத் திறக்கிற சாவி. அது யார் கைக்கும் போகக் கூடாது, அந்தச் சாவியால் எழுதவும் முடியக் கூடாது. டேஷ்போர்டில் யாராவது கேள்வி எழுதும் இடத்தில் அழி என்று எழுதினால், அந்தச் சாவிக்கு அழிக்கிற அதிகாரம் இருந்தால் அழிந்தே போகும். படிக்க மட்டுமே அனுமதி உள்ள பயனர் என்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். அதனால் பார்வையாளர் என்று ஒரு பயனரை உருவாக்கி, உள்ளே வரவும், ஸ்கீமாவை, அதாவது டேபிள்கள் இருக்கிற பகுதியைப் பயன்படுத்தவும், செலக்ட் செய்யவும், அதாவது படிக்கவும் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். இது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை. எனக்கே அந்த வழியில் எழுத அனுமதி இல்லை.

சித்தப்பா: சரி சரி

சித்தப்பா: உதவி வாங்கிய பிள்ளைகள் பெயர், தொகை எல்லாம் தெரிய வேண்டும். ஒளிவுமறைவு வேண்டாம்.

தேன்மொழி: பெயர் வேண்டாம் சித்தப்பா.

சித்தப்பா: ஏன்? கட்டியவர் பெயர் வரலாம், வாங்கியவர் பெயர் வரக் கூடாதா?

அத்தை: நியாயம்தானே

சுதா: அப்பா, என் பெயரும் அதில் இருக்கிறது.

பெரியப்பா: சுதா அம்மா, அது எனக்கும் உன் அப்பாவுக்கும் இடையில் முடிந்த விஷயம்.

சுதா: எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை பெரியப்பா. ஆனால் மற்ற பிள்ளைகளிடம் கேட்காமல் போடக் கூடாது.

ரவி மாமா: 👍

முரளி: அதற்கு வியூ என்று ஒன்று இருக்கிறது. மூல டேபிளின் மேல் போடுகிற ஜன்னல். வருடம், படிப்பின் வகை, தொகை மட்டும் தெரிகிற மாதிரி எழுதிவிட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் விட்டுவிடலாம். போஸ்ட்கிரஸில் ஒரு வியூ, வழக்கமாக, அதை உருவாக்கியவரின் அனுமதியோடு மூல டேபிளைப் படிக்கும். அதனால் பார்வையாளருக்கு வியூவை மட்டும் திறந்துவிட்டு மாணவர் டேபிளை மூடியே வைக்கலாம். டேஷ்போர்டில் மறைப்பது வேறு, இது வேறு. அங்கே மறைத்ததை யாராவது தேடி எடுத்துவிடலாம். இங்கே அந்தச் சாவிக்கே அந்தக் கதவு கிடையாது.

தேன்மொழி: கட்டியவர்களுக்கும் வியூதானே?

முரளி: ஆமாம். எந்த மூல டேபிளும் நேரடியாக இல்லை.

சித்தப்பா: பெயர் விஷயத்தை ஞாயிறு பேசுவோம்.

சனி

ரவி மாமா: நானே ஒன்று வரைந்தேன்!! யார் எவ்வளவு கட்டினார், எத்தனை பேரைப் பரிந்துரைத்தார், இரண்டும் ஒரே படத்தில்

ரவி மாமா: (ஸ்கிரீன்ஷாட்)

சித்தப்பா: நான் இவ்வளவா கட்டினேன்? மூன்று மடங்கு காட்டுகிறது

பெரியப்பா: என்னுடையது சரியாக இருக்கிறது.

சித்தப்பா: உங்களுடையது எப்போதும் சரியாகத்தான் இருக்கும் அண்ணா

அத்தை: என் பெயரே இல்லை. நான் கட்டவில்லையா? ரசீது இருக்கிறது

ரவி மாமா: கணினி பொய் சொல்லுமா

தேன்மொழி: சொல்லவில்லை மாமா. சித்தப்பா எத்தனை பேரைப் பரிந்துரைத்தார்?

ரவி மாமா: மூன்று

தேன்மொழி: அப்பா?

ரவி மாமா: ஒன்று

தேன்மொழி: அத்தை?

அத்தை: நான் யாரையும் சொல்லவில்லை

தேன்மொழி: அவ்வளவுதான்.

சுதா: எனக்குப் புரியவில்லை அக்கா

முரளி: நான் சொல்கிறேன். சித்தப்பா நான்கு தவணை கட்டியிருக்கிறார். மூன்று பேரைப் பரிந்துரைத்திருக்கிறார். தவணையையும் பரிந்துரையையும் உறுப்பினர் எண்ணை வைத்து நேராக ஜாயின் செய்தால், அதாவது இரண்டு டேபிளையும் இணைத்தால், ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு பரிந்துரையோடும் ஜோடி சேரும். நான்கு மூன்று பன்னிரண்டு வரிசை. ஒரே தவணை மூன்று முறை வந்து நிற்கிறது, கூட்டினால் மூன்று மடங்கு. பெரியப்பாவுக்கு ஒரே ஒரு பரிந்துரை என்பதால் பெருகவில்லை. கணக்கு சரியாக வந்தது தற்செயல். அத்தை பக்கம் ஜோடி சேர ஆளே இல்லை. இரண்டிலும் இருப்பவர்கள் மட்டும் என்கிற ஜாயினை மாமா தேர்ந்தெடுத்திருப்பதால் அத்தை வரிசையே விழுந்துவிட்டது.

சுதா: அடேங்கப்பா. எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைத்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காதே அண்ணா?

முரளி: வேறு வம்பு வந்திருக்கும். சித்தப்பாவின் தொலைபேசி எண் பன்னிரண்டு இடத்தில் இருக்கும், மாற்றும்போது ஓர் இடத்தில் விட்டுப்போகும். ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் 1970இல் ஐபிஎம்மிலிருந்து எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் முறையின் பலம். சேர்க்கும்போது ஒழுங்காகச் சேர்க்க வேண்டும். முதலில் தவணைகளை ஆள்வாரியாகக் கூட்டு. பரிந்துரைகளை ஆள்வாரியாக எண்ணு. ஆளுக்கு ஒரு வரிசை என்று ஆன பிறகு இரண்டையும் உறுப்பினர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய், அதாவது ஜோடி இல்லாவிட்டாலும் உறுப்பினர் எல்லோரையும் வைத்துக்கொள்கிற ஜாயின். பரிந்துரையே இல்லாதவருக்கு எண்ணிக்கை காலியாக வரும், அதைப் பூஜ்யமாக்கச் சொல்ல வேண்டும், ஆனால் ஆள் காணாமல் போக மாட்டார். இதையும் ஒரு வியூவாக எழுதி வைத்துவிட்டேன், மாமா அதை எடுத்து வரையலாம்.

ரவி மாமா: வரைந்துவிட்டேன். அத்தை வந்துவிட்டார்

அத்தை: போன மாதம் கட்டியது அதற்கு முந்தின மாதத்தில் நிற்கிறதே

முரளி: எப்போது அனுப்பினீர்கள்?

அத்தை: 1ஆம் தேதி விடியற்காலை. தூக்கம் வரவில்லை

முரளி: அதுதான். நேரம் உள்ளே யுடிசி என்கிற உலகப் பொது நேரப்படி இருக்கிறது. நம் வீட்டு நேரம் அதற்கு முன்னால் ஓடுவதால், அந்த விடியற்காலை யுடிசியில் முந்தின மாதத்தின் கடைசி நாள். மெட்டாபேஸில் ரிப்போர்ட் டைம்ஸோன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, வீட்டு நேரத்தை அங்கே வைக்கிறேன்.

தேன்மொழி: எனக்கு அது இன்னும் கடைசி நாள்தான், நான் இருக்கிற ஊரில். தாமதக் கட்டணம் யார் நேரப்படி?

பெரியப்பா: வீட்டு நேரப்படி.

சித்தப்பா: வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் சலுகை இருந்தது. அப்பா சொன்னது.

பெரியப்பா: எழுத்தில் இல்லை.

சித்தப்பா: எழுத்தில் இல்லாதது இன்னும் நிறைய இருக்கிறது. அப்பா கையில் நான் நேரில் கொடுத்தது எங்கே? டேஷ்போர்டில் காணவில்லை

அத்தை: ஆமாம், கொடுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்

முரளி: சித்தப்பா, டேபிளில் இல்லாதது திரையில் வராது. எவ்வளவு அழகாக வரைந்தாலும் வராது. நீங்கள் கொடுக்கவில்லை என்று அது சொல்லவில்லை, யாரும் அதை உள்ளே எழுதவில்லை என்றுதான் அர்த்தம். இந்தக் கணக்கு தொடங்குவதற்கு முந்தைய வருடங்கள் முழுக்கத் தாத்தா நோட்டில் இருக்கின்றன.

சுதா: நோட்டை நான் தட்டச்சு செய்து தருகிறேன்

சித்தப்பா: நோட்டு யாரிடம் என்று கேள்

பெரியப்பா: (புகைப்படம்)

பெரியப்பா: (புகைப்படம்)

பெரியப்பா: முதல் இரண்டு பக்கம். பென்சிலில் எழுதியது, வெளிச்சத்தில் பார்.

சுதா: நன்றி பெரியப்பா 🙏

முரளி: நோட்டுக்கு ஒரு தனி டேபிள் போடுகிறேன். தவணையோடு கலக்க வேண்டாம். எந்தப் பக்கம், எந்த வரி, யார் தட்டச்சு செய்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். படிக்க முடியாத எழுத்துக்குத் தொகையைக் காலியாக விடு சுதா, பூஜ்யம் போடாதே. பூஜ்யம் என்றால் கொடுக்கவில்லை என்று பொருள். காலி என்றால் தெரியவில்லை.

ரவி மாமா: நிலுவை என்று ஒரு பெரிய எண் மேலே போடலாமா? பளிச்சென்று இருக்கும்

தேன்மொழி: நிலுவை என்றால் எது மாமா? ஒப்புக்கொண்டதில் கட்டாததா, தேதி கடந்தது மட்டுமா?

பெரியப்பா: ஒப்புக்கொண்டது முழுவதும்.

சித்தப்பா: தேதி கடந்தது மட்டும்

முரளி: இரண்டுக்கும் கேள்வி எழுதிவிடுவேன், இரண்டு எண்ணும் சரியாகத்தான் வரும். எது நிலுவை என்று நீங்கள் சொன்னால்தான் ஒன்றை மேலே வைக்க முடியும். முடிவாகும்வரை அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

அத்தை: ஞாயிறு ஐந்து மணியா ஆறு மணியா

பெரியப்பா: ஐந்து.

ரவி மாமா: ஆறு என்றால் வசதி

ரவி மாமா: முரளி, நோட்டு டேபிளைத் திறந்தால் பெர்மிஷன் டினைடு என்கிறது

முரளி: புதிதாக உருவாக்கியது மாமா. ஏற்கனவே கொடுத்த அனுமதி பிறகு பிறந்ததற்குச் செல்லாது. அக்கா, டிஃபால்ட் பிரிவிலேஜஸ் வைத்துவிடட்டுமா? இனி நான் எது உருவாக்கினாலும் தானாகவே தெரியும்.

தேன்மொழி: வேண்டாம். நாளைக்குப் பிள்ளைகளின் வங்கி விவரத்துக்கு ஒரு டேபிள் போட்டால் அதுவும் தானாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றாகக் கொடு. நோட்டுக்கும் வியூ.

முரளி: சரி. கொடுத்துவிட்டேன். மாமா, ஸ்கீமாவை ஒருமுறை சிங்க் செய்துவிட்டுப் பாருங்கள், புதிதாக வந்ததை மெட்டாபேஸ் அப்போதுதான் தெரிந்துகொள்ளும்.

ரவி மாமா: வந்துவிட்டது

சித்தப்பா: எனக்கும் தெரிகிறது. என் வரி ஒன்று இருக்கிறது. இன்னும் இரண்டு வர வேண்டும்

சித்தப்பா: அண்ணா, மூன்றாம் பக்கம்

பெரியப்பா: கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன்.