காற்று இறங்கியபோது எதன்மீது பழி போட்டீர்கள்?

பின்சக்கரம்:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக வண்டி வளைவுகளில் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். இறங்கி உருட்டினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனம். ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதி, மெக்கானிக்கிடம் போய், "கோன் செட் மாற்றிவிடுங்கள்" என்றேன். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. குனிந்து முன்சக்கரத்தின் வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, பிரஷர் கேஜை வைத்து அழுத்தினார். 14 பி.எஸ்.ஐ. காட்டியது. இருக்க வேண்டியது 25.

காற்று நிரப்பி மூடியைப் போட்ட பிறகு, "சரி, கோன் செட் எப்போது மாற்றலாம்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

இத்தனைக்கும் நான் தினமும் காலையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன். பைக் டயரின் பக்கச்சுவர் விறைப்பானது. கார் டயரைப்போல் அடியில் பிதுங்கி நமக்குக் காட்டிக்கொடுக்காது. என் விரலுக்கு 14-ம் ஒன்றுதான், 25-ம் ஒன்றுதான். பஞ்சர் எதுவும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே கசிந்துபோகும் என்று அவர்தான் சொன்னார். நான் கேஜ் வைத்துப் பார்த்து அரை ஆண்டு ஆகியிருந்தது, கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். இது தினம் ஒரு துளியாக இறங்கியது, நானும் தினம் ஒரு துளியாகப் பழகிக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். நீங்கள் எதைக் குற்றவாளி ஆக்கினீர்கள்?

மழைக்கோட்டு:

என் மனைவியை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் தனியாக ஓட்டும்போது வண்டி ஒழுங்காகப் போகும். அவள் ஏறியதும் பின்பக்கம் படகுபோல் ஆடும், வளைவில் வால் தனியாக ஒரு வழி தேடும். "அசையாமல் உட்கார்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. அவள் சிலைபோல் உட்காருகிற ஆள். இரண்டு ஆண்டுகள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மழைக்கு ஓரமாக ஒதுங்கி நின்றபோது, பொழுது போகாமல் செயின் கவரில் ஒட்டியிருந்த சிறிய ஸ்டிக்கரை வாசித்தாள். "பின் டயருக்கு ஒருவர் என்றால் 28, இருவர் என்றால் 33 என்று போட்டிருக்கிறதே, நீங்கள் எதை வைக்கிறீர்கள்?" நான் இரண்டு டயருக்கும் 25 வைத்துக்கொண்டிருந்தேன். முன்டயரின் எண் மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. அந்த ஸ்டிக்கரைத் துணியால் துடைத்திருக்கிறேன், வாசித்ததில்லை.

இப்போது கேஜ் அவளுடைய கைப்பையில் இருக்கிறது. இருவரும் கிளம்புகிற நாள்களில் அவள் அளந்து சொன்ன பிறகுதான் சாவியைப் போடுகிறேன்.

பழைய சைலன்சர்:

நான் எதிர்த்திசையில் போய் விழுந்தவன். பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஆசையில், டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த எண்ணையே சரியான அளவு என்று எடுத்துக்கொண்டு நிரப்பினேன். அந்த எண், டயர் அதிகபட்சச் சுமையைத் தாங்குவதற்குச் சொல்லப்பட்ட உச்ச அழுத்தம். டயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் ஏறப்போகிறது என்பதே தெரியாது. நமக்கு வேண்டிய எண் வண்டியின் கையேட்டிலும், மேலே அந்த அம்மையார் வாசித்த ஸ்டிக்கரிலும்தான் இருக்கிறது.

விளைவு: சாலையில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் முதுகெலும்பில் வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிற்று. பழி ஷாக் அப்சார்பர்மீது. பின்னால் இரண்டையும் மாற்றினேன். அப்படியும் கூழாங்கற்கள் பேசுவதை நிறுத்தவில்லை. ஈரச் சாலையில் பின்பிரேக்கைத் தொட்டாலே சக்கரம் வழுக்கியது, அதற்குப் பிரேக் ஷூமீது பழி. கடைசியில் டயரே உண்மையைச் சொன்னது: நடுவில் மட்டும் மழமழவென்று வழுக்கை, இரு ஓரங்களிலும் வாங்கிய நாளின் பள்ளங்கள் அப்படியே. அளவுக்கு மீறி உப்பிய டயர் நடுவில் ஒரு கீற்றை மட்டும் தரையில் வைத்து நடக்கும். காற்று குறைந்த டயரில் இது தலைகீழாக இருக்கும், ஓரங்கள் முதலில் தேயும்.

பெட்ரோல் மிச்சமானதா? நான் எழுதிவைத்த கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. மாற்றிய டயருக்கும் ஷாக் அப்சார்பர்களுக்கும் கொடுத்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இரவுப்பணி:

என் பழி பஞ்சர்மீது. அதுவும் இல்லாத பஞ்சர்மீது.

வெயில் நாளில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, வண்டியை நிறுத்திய கையோடு பின்டயரை அளந்தேன். 37. இருக்க வேண்டியது 33. அதிகமாக இருக்கிறதே என்று நான்கை வெளியேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் 29. ராத்திரியில் இறங்கியிருக்கிறது, அப்படியென்றால் ஆணி குத்தியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் தொட்டி நீரில் முக்கிப் பார்க்கச் சொன்னேன். குமிழி வரவில்லை. அடுத்த வாரம் இதே நாடகம், இதே தொட்டி. மூன்றாவது முறை போனபோது பஞ்சர் ஒட்டுகிறவரே பொறுமை இழந்து, "எப்போது அளக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஓடும்போது டயர் சுடும், உள்ளே இருக்கிற காற்றும் சுடும், அழுத்தம் ஏறும். 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கிற டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் ஒன்றரை ஏறும். கையேட்டில் இருக்கிற எண் குளிர்ந்த டயருக்கானது. சூட்டில் ஏறியதை நான் வெளியேற்றிவிட்டு, ஆறிய பிறகு குறைந்திருக்கிறதே என்று ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காற்று நிரப்புகிற இடம் தொலைவில் இருப்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த வழியை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். 33 இருக்க வேண்டிய இடத்தில் 29 என்றால், குறை 4. அந்த 4-ஐ மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேரும்போது டயர் சூடாகி, கேஜ் 31 காட்டலாம். 33-க்கு நிறுத்திவிடாதீர்கள். 31-உடன் 4 சேர்த்து 35 வரை நிரப்புங்கள். ஆறினால் 33-க்கு அருகில் வந்து நிற்கும். சரிபார்க்க நினைத்தால் மறுநாள் காலையில் பாருங்கள், அப்போதும் வண்டியை வெயிலில் காயவிட்டுவிட்டு அல்ல. ஒருமுறை என் முன்சக்கரம் நிழலிலும் பின்சக்கரம் வெயிலிலும் நின்றது. அதிலும் ஏமாந்தேன், அந்தக் கதை வேண்டாம்.

கிக்கர்:

எல்லோரும் கேஜை அவ்வளவு நம்புகிறீர்களே! நான் ஓர் ஆண்டு காலம் நம்பினேன். முள் காட்டுகிற கேஜ், ஒருமுறை சிமெண்ட் தரையில் விழுந்தது. அதன் பிறகு ஒன்றுமே அளக்காதபோதும் முள் பூச்சியத்துக்குத் திரும்பாமல் 3-ல் நின்றது. அதைக் கண்ணால் பார்த்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. காட்டுகிற எண்ணில் மூன்று பொய் என்றால், என் டயர்கள் ஓர் ஆண்டு முழுவதும் மூன்று குறைவாகவே ஓடியிருக்கின்றன. பழி டயர் கம்பெனிக்குப் போயிற்று. பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள்மீது குற்றம் இல்லை.

இப்போது புதிது ஒன்று வைத்திருக்கிறேன், துணியில் சுற்றி. பொது இடத்து இயந்திரம் என்ன காட்டினாலும் அங்கே நிரப்பிவிட்டு, இதை வைத்துத்தான் முடிவெடுப்பேன். இன்றைக்கு ஒரு கேஜ், நாளைக்கு இன்னொன்று என்று மாறினால் டயர் குறைந்ததா, கேஜ் மாறியதா என்று சொல்லவே முடியாது.

நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே தேவையில்லை என்று யாராவது வந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதை நிரப்பினாலும் கேஜைத் தூக்கிப் போட முடியாது.

மண்பாதை:

எனக்கு ட்யூப் போட்ட டயர். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க, தெரிந்தேதான் காற்றைக் குறைத்தேன். குற்றம் அதில் இல்லை. தார்ச்சாலை வந்ததும் திரும்ப நிரப்ப மறந்தேன், அங்கேதான் எல்லாம். இரண்டு நாள் அப்படியே ஓட்டி, நன்றாகப் பிரேக்கும் பிடித்து, ஒரு திருப்பத்தில் முன்டயர் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. வேகம் குறைவு, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மட்டமான ட்யூபை விற்றுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே கழற்றினேன். ட்யூபில் ஆணித் துளை இல்லை. வால்வு ட்யூபோடு சேருகிற அடிப்பாகத்தில் கிழிந்திருந்தது.

காற்று குறைந்தால் டயர் ரிம்மைப் பிடித்துக்கொள்ளாது. பிரேக் பிடிக்கும்போது ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ட்யூபையும் தன்னோடு இழுக்கும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இழுபறியில் கிழிவது அதன் வேர். யோசித்துப் பார்த்தால் முதல் நாளே வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்தேன், ஏதோ அழகுக்குறை என்று விட்டுவிட்டேன்.

இப்போது வால்வுத் தண்டில் இருக்கிற நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்குவதில்லை, மேலே மூடிக்கு அடியில் ஏற்றிவைக்கிறேன். டயர் நகர்ந்தால் வால்வு தாராளமாகச் சாயும், கண்ணில் படும். சிறிய கைப்பம்பு ஒன்றும் பெட்டியில் கிடக்கிறது. அதை அடித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும், ஆனாலும் கிடக்கட்டும்.

மழைக்கோட்டு:

மலைப்பாதை போகிறவர்களுக்கு ஒரு வரி. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதனால் மேலே போனதும் எண் கூடலாம். குளிர் அதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நான் மேலே காற்றை இறக்கிவிட்டுக் கீழே வந்து விழித்தேன். அந்த முறை மனைவிமீது பழி போடவில்லை.

பின்சக்கரம்:

இவ்வளவையும் வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மெக்கானிக் 25 வைத்து அனுப்பிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. விடியற்காலையில், வண்டி அசைவதற்கு முன் அளந்தேன். 22. அரை மாதத்தில் மூன்று போவது தானாகக் கசிகிற கசிவு அல்ல.

சோப்பு நீர் கரைத்து வால்வு வாயில் விட்டேன். அமைதி. டயரைச் சுற்றிலும் தடவினேன். அமைதி. கைவிட்டு எழுந்திருக்கப் போகையில் வால்வின் ரப்பர்த் தண்டில் விரல் பட்டுச் சற்று வளைந்தது, அடியில் பொடிப்பொடியாக நுரை. நேராக நின்றால் மூடிக்கொள்ளும், வளைந்தால் வாய் திறக்கும் ஒரு மயிரிழை வெடிப்பு. ஒவ்வொரு முறை காற்று நிரப்பும்போதும் குழாயின் முனையை அதில் செருகி நாம்தான் வளைக்கிறோம். டயரின் வயதைப் பார்க்கலாம் என்று பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடினேன், 3017. 2017-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரம். வால்வும் அதே வயதுதான் இருக்க வேண்டும், மாற்றிய நினைவே எனக்கு இல்லை.

அதே மெக்கானிக்கிடம்தான் போனேன். "இன்றைக்கு எதை மாற்ற வேண்டும்?" என்றார். "வால்வை" என்றேன். இம்முறை முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். டயரையும் சீக்கிரம் மாற்றிவிடச் சொன்னார், அதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

புது வால்வு போட்டு நான்கு நாள். தினமும் அளந்து எழுதிவைத்திருக்கிறேன்: 25, 25, 25, 24½. கடைசி அரைக்கு இன்று காலையின் குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இதுவும் ஒரு பழி போடுதல்தானா என்பது சனிக்கிழமை தெரிந்துவிடும்.