மறு: ‘கேம்ப்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சியிலிருந்து:
வணக்கம். திரைப்பட வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1950களின் மலிவான அமெரிக்க அறிவியல் திகில் படங்களைப் பற்றிய பாடத்தில் ‘கேம்ப்’ என்ற சொல் பதினோரு இடங்களில் வருகிறது. ஒரு படம் அளவு மீறியோ தவறிப்போயோ சிரிப்பூட்டி, அதனாலேயே ரசிக்கவும் வைக்கும் தன்மைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் ‘முகாம்’ என்று போட முடியாது.

இயக்குநர் எட் வுட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடித்த பெலா லுகோசி 1956இல் காலமாகிவிட்டார். இயக்குநரின் மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்தவர், மேலங்கியால் முகத்தை மறைத்தபடி அவருக்குப் பதிலாக நடக்கிறார். கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. சிரிக்கிறோம், கூடவே அந்தப் படத்தின்மேல் பாசமும் வந்துவிடுகிறது. அந்தப் பாசமும் சொல்லுக்குள் வர வேண்டும்.

கோவையிலிருந்து:
‘கோமாளியழகு’?

திருச்சியிலிருந்து:
கோமாளி தெரிந்தே சிரிக்க வைக்கிறான். இவர்கள் பயமுறுத்தத்தான் பாடுபட்டார்கள். தெரியாமல் நிகழ்வதே தூய கேம்ப் என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964இலேயே எழுதிவிட்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து:
தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நமக்கு வேண்டியது எள்ளல் கலவாத நகை. அச்சத்தைக் குறிவைத்துப் புறப்பட்டவன் பேதைமையால் நகையில் வந்து சேர்கிறான். ‘பேதைநகை’ என்பதே பொருந்தும்.

கோவையிலிருந்து:
ஐயா, மாணவர் அதைச் சிறுமியின் கழுத்துச் சங்கிலி என்று படிப்பார். பேதை என்றால் பெண்ணின் முதல் பருவம், நகை என்றால் ஆபரணம் என்றுதான் அவருக்குத் தெரியும். ‘வெகுளிநயம்’ என்றால் உடனே புரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
வெகுளி என்றால் சினம்! வள்ளுவர் ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வேதல், வெம்மை, வெகுளி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. சினத்தின் பெயரைக் கள்ளமின்மைக்குச் சூட்டச் சம்மதிக்க மாட்டேன்.

கோவையிலிருந்து:
நறுமணமாக இருந்த நாற்றம் இன்று என்னவாயிற்று? வழக்கு மாறினால் சொல்லும் மாறத்தான் வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து:
சொல்லை ஒரு படத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். 1953இல் வந்த ‘ரோபோட் மான்ஸ்டர்’. வேற்றுக்கோள் அரக்கனுக்கு இயந்திர உடல் செய்யப் பணமில்லை. கொரில்லா உடைக்குமேல் ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டார்கள். குகை வாசலில் சோப்புக் குமிழி விடும் கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் அவனுடைய விஞ்ஞானம். ஆனாலும் மனித குலத்தை அழிக்க வந்தவன் ஒரு பெண்ணிடம் மனம் இளகித் தவிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. ‘பிழையழகு’ என்கிறேன். விளக்கம் வேண்டாத சொல்.

கோவையிலிருந்து:
வெகுளிநயத்தைக் கைவிடுகிறேன். பிழையழகுக்கே என் வாக்கு.

திருச்சியிலிருந்து:
எனக்கு முழுத் திருப்தி இல்லை. பிழைகள் மலிந்த எத்தனையோ படங்களில் ஒரு துளி அழகும் இல்லை. ஆயினும் நாளை மறுநாள் வெள்ளி. நால்வரில் மூவர் ஒத்துக்கொண்டுவிட்டோம். ‘பிழையழகு’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:
நான் உடன்படவில்லை. பிழை என்றதுமே எள்ளல் உள்ளே நுழைந்துவிட்டது. அடிக்குறிப்பிலாவது பேதைநகையைச் சேருங்கள். வெகுளிக்கும் வெம்மைக்கும் உள்ள உறவை நாளை தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.