ஃப்ரிட்ஜில் மூன்று தடவை கேஸ் ஏற்றியும் கூலிங் இல்லை: பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

புதுஃப்ரிட்ஜ்:
வணக்கம். டபுள் டோர் இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ், ரூ.38,500, கடையில் நேரில் வாங்கியது. முழு வாரண்டி ஒரு வருடம், கம்ப்ரசருக்கு 10 வருடம். வாரண்டிக்குள்ளேயே மூன்று தடவை கூலிங் போனது. மூன்று தடவையும் கேஸ் ஏற்றினார்கள், நடுவில் பி.சி.பி. என்கிற எலக்ட்ரானிக் போர்டும் மாற்றினார்கள். இப்போது மறுபடியும் அதே கதை. முழு வாரண்டி முடிய ஒரு மாதம்தான் பாக்கி. பணத்தைக் கேட்டால் கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். கம்பெனி "வோல்டேஜ் பிரச்சினை, ஸ்டெபிலைசர் போடுங்க, பாலிசிப்படி ரிப்பேர் மட்டும்தான்" என்கிறது. சட்டத்தில் என்ன வழி? வக்கீல் கட்டாயமா?

ஜாப்ஷீட்:
வழி இருக்கிறது சார். வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 39-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், புதுப் பொருள் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் போடலாம். கம்பெனி பாலிசி இந்த அதிகாரத்துக்குக் குறுக்கே நிற்காது.

ஆனால் இத்தனை தடவை ரிப்பேர் ஆனால் பணம் வாபஸ் என்று சட்டத்தில் ஒரு கணக்கும் கிடையாது. வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், முழு வண்டியை அல்ல என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கம்பெனி வக்கீல்கள் தவறாமல் எடுத்து வைப்பார்கள். அதைத் தாண்ட, இது உற்பத்தியிலேயே வந்த குறை, ரிப்பேரில் தீரவில்லை என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவது ஜாப் ஷீட், அதாவது டெக்னீஷியன் வந்து பார்த்ததை எழுதித் தரும் சர்வீஸ் சீட்டு. உங்கள் ஜாப் ஷீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது?

கூல்மெக்கானிக்:
வோல்டேஜ் கதையை நம்பாதீங்க. வோல்டேஜ் ஏறி இறங்கினால் போர்டு போகலாம், கம்ப்ரசர் போகலாம். கேஸ் எப்படிக் குறையும்? ஃப்ரிட்ஜின் கேஸ் லைன் முழுக்க சீல் ஆனது, பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. குறைந்தால் லீக், வேறு காரணமே இல்லை.

இப்போதைய ஃப்ரிட்ஜ் பலவற்றில் கண்டென்சர் காயில் பின்னால் தெரியாது, பக்கச் சுவருக்குள் ஃபோமில் புதைந்திருக்கும். லீக் அங்கே இருந்தால் திறந்து ஒட்ட வழியில்லை. லீக்கைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றினால் சில வாரம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். முறையாகச் செய்கிறவர் நைட்ரஜன் பிரஷர் வைத்துப் பார்ப்பார், லைனில் ஈரத்தை இழுக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றுவார், வேக்யூம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை எடுத்த பிறகுதான் கேஸ் ஏற்றுவார்.

அடுத்த தடவை டெக்னீஷியன் வரும்போது மூன்று விஷயத்தை எழுதச் சொல்லுங்க: லீக் எங்கே, எந்த டெஸ்டில் தெரிந்தது, எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார். கம்பெனி ஏற்றிய அளவு ஃப்ரிட்ஜ் லேபிளிலேயே இருக்கும். கேஸ் ஆர்600ஏ வகை என்றால் பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். அந்த லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்க.

புதுஃப்ரிட்ஜ்:
நன்றி அண்ணே. ஒரு ஷீட்டில் 'கேஸ் சார்ஜிங்' என்று இருக்கிறது. மற்ற இரண்டில் 'செட் ஓகே' மட்டும். டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் "கேஸ் போட்டாச்சு சார்" என்று அனுப்பிய மெசேஜ்கள் இருக்கின்றன. தேய்மானம் கழித்து 70 சதவீதத்துக்குக் கூப்பன் தருகிறோம், ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போடுங்கள் என்று இன்று போன் வந்தது.

ஜாப்ஷீட்:
அந்த ஃபார்மில் 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்று ஒரு வரி இருக்கும். போட்டுவிட்டால் மிச்சத்துக்கு வழக்காடுவது ரொம்பக் கஷ்டம். முழு விலை, பேங்க் கணக்குக்கு, என்று மெயிலில் பதில் போடுங்கள். போனில் பேசியதையெல்லாம் அன்றைக்கே "இன்று நீங்கள் சொன்னது" என்று மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

'செட் ஓகே' ஷீட்டுகள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும், அதை ஈடுகட்ட வாட்ஸ்அப் மெசேஜ் உதவும். பிரிண்ட் எடுத்து, பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-ன்படியான சான்றோடு சேருங்கள். இனி கூலிங் வந்ததா என்று பார்க்காமல், வேலை முடிந்தது என்று டெக்னீஷியன் கேட்கும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். ஓ.டி.பி. கொடுத்த நொடியே புகார் 'தீர்ந்தது' என்று கணினியில் ஏறிவிடும். இப்போதைய பழுதை வாரண்டி முடிவதற்குள் பதிவுசெய்து புகார் எண் வாங்கிவிடுங்கள்.

பிறகு நோட்டீஸ். சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் அனுப்புங்கள். கம்பெனி, கடை, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரி ஆன அத்தாட்சியோடு. பில் எண், சீரியல் எண், ஒவ்வொரு பழுதின் தேதி, கேட்கும் தொகை, 15 நாள் கெடு. இரண்டு பக்கம் போதும். கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், பணம் வாங்கி பில் போட்டவர் அவர்தான்.

ஆணையப்படி:
வழக்குப் பக்கம் நான் சொல்கிறேன். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பழைய சட்டம் போல நஷ்டஈட்டைக் கூட்டி இந்த ரூ.50 லட்சம் எல்லையைக் கணக்கிடுவதில்லை. அதற்காக ஃப்ரிட்ஜுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் மனுவின் மதிப்புதான் குறையும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம், பிரிவு 69. முதல் பழுது தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. மெயில் மேல் மெயில் போட்டால் கெடு நீளும் என்று நினைத்துக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். ஆனால் அந்த உதவி மையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, கெடுவும் அதற்காக நிற்காது.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் எதிர்தரப்பு பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பரிசோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் இழுக்கும்.

மனுவோடு பிரிவு 38(2)(சி)-ன்படி பரிசோதனைக்குத் தனி மனு போடுங்கள். நிபுணர் பார்த்து 'கேபினெட்டுக்குள் லீக்' என்று எழுதினால் வோல்டேஜ் வாதம் அங்கேயே செத்தது. பரிசோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். இன்னொன்று, பில் உங்கள் சொந்தக் கடை, தொழில் பேரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருந்தால் 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் அல்ல' என்று ஆட்சேபம் வரும். உங்கள் பில் யார் பேரில்?

புதுஃப்ரிட்ஜ்:
என் பேரில்தான், வீட்டு முகவரி. கடைசியாக ஒன்று: அதுவரை வேறு ஃப்ரிட்ஜ் வாங்கலாமா? இதை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கொஞ்சம் பணம் மிச்சம்.

ஆணையப்படி:
வாங்குங்கள், பில்லையும் சேர்த்து வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் மட்டும் போடாதீர்கள். பொருள் இல்லாவிட்டால் சோதிக்க ஒன்றும் இருக்காது.

கூல்மெக்கானிக்:
பிளக்கைப் பிடுங்கி, உள்ளே துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தாற்போல் வையுங்க, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெளி மெக்கானிக் யாரையும் குழாயில் கைவைக்க விடாதீங்க. ஒரு புது வெல்டிங் தெரிந்தால் போதும், லீக்கே அதனால்தான் என்று சொல்லிவிடுவார்கள்.