ஜப்பானியத் தொடக்க வீச்சாளர்களின் ஈ.ஆர்.ஏ. கணக்கில் 0.01 வித்தியாசம் வருகிறது: எங்கே தவறு?

கேள்வி: நகோயாவாசி

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக நகோயாவில் வசிக்கிறேன். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு அலுவலக நண்பர் ஒருவர்தான் பேஸ்பாலை அறிமுகம் செய்தார். சூனிச்சி டிராகன்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு அவருடன் போகத் தொடங்கி, இன்று ஆட்டத்தின் மற்ற எதையும்விட, இங்கே 'சென்பட்சு' என்று சொல்லப்படும் தொடக்க வீச்சாளரின் மீதே என் கவனம் முழுவதும் இருக்கிறது. அவர்களுடைய ஆட்டத்திறனை நானே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும் என்ற ஆசையில் ஓர் எக்செல் தாளைத் தயாரித்து வருகிறேன். அதில் நான்கு இடங்களில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு வீச்சாளர் கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி. வீச்சாளரின் பொறுப்பில் சேரும் ஓட்டங்களை 9-ஆல் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அணியின் யூதாய் ஓனோ 2020-இல் 148.2 இன்னிங்ஸ் வீசி அத்தகைய 30 ஓட்டங்கள் கொடுத்தார். என் தாளில் 1.82 வருகிறது, அதிகாரபூர்வமான எண்ணும் அதுவே. அதே சூத்திரத்தில் ஓரிக்ஸ் அணியின் யோஷினோபு யமமோட்டோ 2021-இல் வீசிய 193.2 இன்னிங்ஸையும் கொடுத்த அத்தகைய 30 ஓட்டங்களையும் இட்டால் 1.40 வருகிறது, அதிகாரபூர்வமான எண்ணோ 1.39. ஒருவருக்குச் சரியாக வரும் சூத்திரம் இன்னொருவருக்கு மட்டும் எப்படிப் பிசகும்?

இரண்டாவது, ஆட்டம் ஆட்டமாக நான் பதிந்த இன்னிங்ஸைக் கூட்டினால் பருவ மொத்தத்தோடு ஒத்துப்போவதில்லை. மூன்றாவது, தடுப்பாளர்களின் பங்கை நீக்கிப் பார்க்கும் எஃப்.ஐ.பி. என்ற அளவைக் கணக்கிட்டபோது, இன்னொரு வீச்சாளரான ரோக்கி சசாகியின் ஓர் ஆட்டத்துக்கு −1.12 என்று எதிர்மறை எண் வந்தது. நான்காவதாக, வெற்றிகளின் எண்ணிக்கையே ஒரு தொடக்க வீச்சாளரின் தரத்தைச் சொல்லிவிடும் என்று என் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றாலும் மறுத்துச் சொல்ல என்னிடம் போதிய காரணம் இல்லை.

மறுமொழி: மூன்றாவது அவுட்

நண்பரே, நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் என்பதால் இதைப் புரிந்துகொள்வது எளிது. 19.4 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் நான்கு பந்துகளும் என்றுதானே படிப்பீர்கள்? இதுவும் அப்படித்தான். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆகவே 193.2 என்பது 193 இன்னிங்ஸும் கூடுதலாக இரண்டு அவுட்டும், அதாவது 193⅔. அதிகாரபூர்வப் பட்டியலில் புள்ளிக்குப் பின் 1 அல்லது 2 மட்டுமே வரும், 3 ஒருபோதும் வராது என்பதைக் கவனித்திருந்தால் உங்களுக்கே சந்தேகம் எழுந்திருக்கும்.

ஓனோவின் கணக்கிலும் இதே பிழை இருக்கிறது. 148.2 என்று தசமமாக வகுத்தால் 1.822, 148⅔ என்று வகுத்தால் 1.816, இரண்டையும் இரண்டு இலக்கங்களுக்கு முழுமையாக்கும்போது 1.82 என்றே வந்துவிடுவதால் பிழை வெளியே தெரியவில்லை. யமமோட்டோவுக்கு 1.398, 1.394 என்று இரண்டும் முழுமையாக்கும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுகின்றன. அதனால்தான் அங்கே மட்டும் கண்ணில் பட்டது. ஆகையால் யாரிடம் பிசகுகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, தாள் முழுவதையும் மாற்றுங்கள்.

என் ஆலோசனை இதுதான்: இன்னிங்ஸை இன்னிங்ஸாகவே சேமிக்காமல் அவுட்டுகளாகச் சேமியுங்கள். 193 × 3 + 2 = 581 அவுட். ஓட்டங்களை 27-ஆல் பெருக்கி அவுட்டுகளால் வகுத்தால் ஈ.ஆர்.ஏ. கிடைத்துவிடும். கூட்டலும் சரியாகும், 6.2, 7.1 என்ற இரண்டு ஆட்டங்களைத் தசமமாகக் கூட்டினால் 13.3 வரும், உண்மையில் அவை 20 + 22 = 42 அவுட், சரியாக 14 இன்னிங்ஸ்.

நகோயாவாசி

மிக்க நன்றி. ஓவர் உதாரணத்தைப் படித்த கணமே விளங்கிவிட்டது. உடனே தாளை மாற்றினேன். ஆனால் யமமோட்டோவுக்கு இன்னமும் 1.40 தான் வருகிறது. அவுட்டுகளின் கட்டத்தில் 581-க்குப் பதிலாக 580 என்று நிற்கிறது. முழு எண்ணைப் பிரித்து மூன்றால் பெருக்கி, மீதியுள்ள தசமத்தைப் பத்தால் பெருக்கி, அதில் 'இன்ட்' செயற்கூறைப் பயன்படுத்திக் கூட்டினேன். ஆட்டவாரியான கூட்டலும் சில வீச்சாளர்களுக்கு மட்டும் இன்னும் குறைவாகவே இருக்கிறது.

மறுமொழி: மூன்றாவது அவுட்

உங்கள் தர்க்கத்தில் குறை இல்லை. கணினி எண்களைச் சேமிக்கும் முறையில்தான் சிக்கல். 193.2 என்ற எண்ணை அது இரும எண்ணாகத் துல்லியமாகச் சேமிக்க முடியாது. 193-ஐக் கழித்தால் அதற்கு மிஞ்சுவது 0.2 அல்ல, 0.1999999... என்று தொடரும் ஒரு சிறிய குறைவு. அதைப் பத்தால் பெருக்கினால் 1.9999...; 'இன்ட்' தசமத்தை வெட்டி எறிந்துவிடுவதால் 1 என்றாகிவிடுகிறது. 'இன்ட்' இருக்கும் இடத்தில் 'ரவுண்ட்' செயற்கூறைப் போட்டு, தசம இலக்கம் பூஜ்ஜியம் என்று கொடுங்கள். அதைவிடப் பாதுகாப்பான வழி, முழு இன்னிங்ஸுக்கு ஒரு பத்தி, எஞ்சிய அவுட்டுக்கு ஒரு பத்தி என்று தொடக்கத்திலேயே பிரித்துப் பதிவது.

கூட்டல் குறைவதற்கு வேறு காரணம் இருக்கும். ஆறாவது இன்னிங்ஸைத் தொடங்கி ஒரு அவுட்கூட எடுக்காமல் வெளியேறும் வீச்சாளருக்கு ஜப்பானிய ஆட்ட அட்டையில் '5+' என்று குறிப்பார்கள். அதை அப்படியே ஒட்டினால் எக்செல் அந்தக் கட்டத்தை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்; கூட்டல் செயற்கூறு எழுத்துக் கட்டங்களை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். ஐந்து இன்னிங்ஸும் மொத்தத்திலிருந்து காணாமல் போகும். ஆனால் அந்தக் கூட்டல் குறியை அழித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தளங்களில் விட்டுச்சென்ற ஓட்டக்காரர்கள் அடுத்த வீச்சாளர் வீசும்போது ஓட்டம் எடுத்தாலும் அந்த ஓட்டம் முதலாமவர் கணக்கில்தான் சேரும். ஈ.ஆர்.ஏ. என்பது முழுக்க ஒருவரின் கையில் இல்லை என்பதற்கு அந்த '+' ஒரு நேரடிச் சாட்சி.

மறுமொழி: வலைக்குப் பின்னால்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பதிந்திருப்பது 2022 ஏப்ரல் 10 அன்று சசாகி ஓரிக்ஸ் அணிக்கு எதிராக வீசிய ஆட்டம் என்று நினைக்கிறேன். 27 பேரையும் ஒருவரைக்கூடத் தளத்தில் ஏறவிடாமல் 105 பந்துகளில் முடித்தார்; 19 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளரை வெளியேற்றுவது), அவற்றில் 13 தொடர்ச்சியானவை. அந்த ஆட்டத்தின் பதிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

எஃப்.ஐ.பி. சூத்திரம், தடுப்பாளர்களின் கை படாத நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்சர் போன்றது) 13-ஆலும், வாக் (நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்) மற்றும் உடலில் பட்ட பந்துகளை 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்க்கிறது. சசாகிக்கு முதலிரண்டும் பூஜ்ஜியம்; எனவே −38 ÷ 9 = −4.22. நீங்கள் 3.10 என்ற மாறிலியைச் சேர்த்திருக்கிறீர்கள், −1.12 வந்திருக்கிறது. கணக்கு சரி. பருவம் முழுவதுக்குமான சூத்திரத்தை ஒரே ஆட்டத்தின் மேல் வைத்தால் இப்படி ஆகும். அந்த எண்ணை ஓட்டங்களாகப் படிக்கக் கூடாது. ஒரு தனி ஆட்டத்துக்கு, எதிர்கொண்ட மட்டையாளர்களில் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் என்ற விகிதம் மேலானது. 27-இல் 19, அதாவது 70 விழுக்காடு.

ஆனால் அந்த 3.10 எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பக்கங்களில் கண்டதை எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். லீக்கின் மொத்த எஃப்.ஐ.பி.யும் மொத்த ஈ.ஆர்.ஏ.யும் சமமாக வருமாறு அமைக்கப்படும் எண் அது. ஒவ்வோர் ஆண்டுக்கும், ஜப்பானின் இரு லீக்குகளான சென்ட்ரலுக்கும் பசிஃபிக்குக்கும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும். பசிஃபிக் லீக்கில் 1975 முதல் வீச்சாளருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் விதி இருக்கிறது. சென்ட்ரல் லீக் 2027-இல்தான் அதை ஏற்க முடிவு செய்துள்ளது. அதுவரை ஒன்பதாவது இடத்தில் சக வீச்சாளரையே எதிர்கொள்ளும் ஒருவரின் எண்ணையும், ஒன்பது பேரும் முறையான மட்டையாளர்களாக இருக்கும் வரிசைக்கு வீசும் ஒருவரின் எண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மறுமொழி: சைதாமா தமிழன்

வெற்றிக் கணக்கு பற்றி உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு மரபு இருக்கிறது, அதை மதித்தே பேச வேண்டும். பழம்பெரும் வீச்சாளர் ஐஜி சவமுராவின் பெயரில் 1947-இல் தோன்றிய விருது, தொடக்க வீச்சாளருக்கு ஜப்பானில் கிடைக்கும் மிக உயரிய கௌரவம். அதற்கு ஏழு அளவுகோல்கள்: 25 ஆட்டங்கள், 15 வெற்றிகள், 10 முழு ஆட்டங்கள் (தொடக்கம் முதல் கடைசிவரை ஒருவரே வீசியவை), பத்துக்கு ஆறு என்ற வெற்றி விகிதம், 200 இன்னிங்ஸ், 2.50-க்கு மிகாத ஈ.ஆர்.ஏ., 150 ஸ்ட்ரைக் அவுட். 2018-இல் ஜயன்ட்ஸ் அணியின் தோமொயுகி சுகானோ ஏழையும் நிறைவேற்றினார்: 28 ஆட்டங்கள், 15 வெற்றிகள், 8 தோல்விகள், 10 முழு ஆட்டங்கள், 202 இன்னிங்ஸ், 2.14, 200 ஸ்ட்ரைக் அவுட். மறு ஆண்டே தகுதியானவர் எவரும் இல்லை என்று விருதையே நிறுத்திவைத்தார்கள்.

அந்த அளவுகோல்கள் பிறந்த காலத்து வேலைப்பளு இன்று இல்லை. இன்று ஓர் அணி ஆறு தொடக்க வீச்சாளர்களைச் சுழற்சியில் வைத்து, ஒருவரை வாரம் ஒருமுறை இறக்குகிறது. 143 ஆட்டங்களை ஆறால் வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 24 தொடக்கங்கள், ஈ.ஆர்.ஏ. பட்டியலில் இடம்பெறத் தேவையான 143 இன்னிங்ஸை எட்டவே ஒவ்வொரு முறையும் ஆறு இன்னிங்ஸ் வீசியாக வேண்டும். யமமோட்டோ 2021 முதல் 2023 வரை மூன்று முறை தொடர்ந்து சவமுரா விருது பெற்றார். மூன்றிலும் 200 இன்னிங்ஸை எட்டவில்லை. தேர்வுக் குழுவும் 2018 முதல், ஏழு இன்னிங்ஸ் வீசி மூன்று ஓட்டங்களுக்கு மேல் கொடுக்காத தொடக்கங்களைத் துணை அளவாகப் பார்க்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஆறு இன்னிங்ஸ் போதும், ஆனால் அது 4.50 ஈ.ஆர்.ஏ.யையும் நல்ல ஆட்டம் என்று ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானிய அளவு 3.86-இல் நிறுத்துகிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

வெற்றி ஏன் போதாது என்பதற்குச் சசாகியின் அடுத்த ஆட்டத்தைக் காட்டுங்கள். ஏப்ரல் 17, நிப்பான் ஹாம் அணிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், 24 பேர், ஒருவரும் தளம் ஏறவில்லை, 14 ஸ்ட்ரைக் அவுட். 102 பந்துகளோடு அவரை நிறுத்தினார்கள். அவருடைய அணியால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியாமல் பத்தாவது இன்னிங்ஸில் 0-1 என்று தோற்றது. அன்று சசாகியின் வெற்றிக் கணக்கில் ஏறியது பூஜ்ஜியம். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அதேபோல் ஈ.ஆர்.ஏ.யையும் ஆண்டு பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். ராக்குடென் அணியின் மசஹிரோ தனாக்கா 2011-இல் 226⅓ இன்னிங்ஸில் 1.27, 2013-இல் 212 இன்னிங்ஸில் 1.27. இரண்டாவது ஆண்டில் 24 வெற்றிகள், தோல்வியே இல்லை என்பதால் உலகம் அதையே நினைவில் வைத்திருக்கிறது. 2011-இல் இரு லீக்குகளுக்கும் பொதுவான, குறைவாகத் துள்ளும் பந்தைக் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு 1,605 ஆக இருந்த ஹோம் ரன்கள் ஒரேயடியாக 939 ஆகக் குறைந்தன. 2013-இல் பந்தை அறிவிக்காமலேயே மாற்றினார்கள், எண்ணிக்கை 1,311 ஆக ஏறியது. அந்த விவகாரத்தில் ஜப்பானியத் தொழில்முறைப் பேஸ்பாலின் ஆணையர் ரியோசோ கத்தோ பதவி விலக நேர்ந்தது. பந்து துள்ளிய ஆண்டின் 1.27 கனமானது என்று இதனால் சொல்லலாம். ஆனால் ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் பார்த்தால் 2011-இல் 241-க்கு 27, 2013-இல் 183-க்கு 32. அந்தக் கண்ணுக்கு முதல் ஆண்டே மேல். ஈ.ஆர்.ஏ.யை அந்தந்த ஆண்டின் லீக் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பக்கத்திலேயே ஸ்ட்ரைக் அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்த எண்ணை வையுங்கள். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் அந்த வீச்சாளரைப் பற்றி உருப்படியாகப் பேச ஏதாவது இருக்கும்.

நகோயாவாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 'ரவுண்ட்' போட்டவுடன் 581 என்று மாறி, பக்கத்துக் கட்டத்தில் 1.39 தெரிந்தது. '5+' என்று எழுத்தாகக் கிடந்த கட்டங்கள் என் தாளில் நான்கு இருந்தன; அவற்றைத் திருத்தியதும் ஆட்டவாரி மொத்தம் எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. லீக் வாரியான மாறிலியை இந்த வாரக் கடைசியில் கணக்கிட்டு இங்கேயே இடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஏப்ரல் 17 ஆட்டத்தின் அட்டையை நண்பரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெற்றிப் பத்திக்குப் பக்கத்தில் அந்த ஆட்டத்தில் அணி எடுத்துக்கொடுத்த ஓட்டங்களுக்கும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.