சைக்கிளோடு நிற்கிற பிள்ளையின் படத்தைப் போடலாமா?

கண்டாவளையான் எழுதியது:

வணக்கம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம் பக்கம் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். தூரத்திலிருந்து நடந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பதுதான் முக்கிய வேலை. நான் பகலில் ஓர் அச்சகத்தில் டிசைன் செய்கிறவன் என்பதால் பேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் குறூப், நோட்டீஸ், வெளிநாட்டு ஆட்களுக்குக் கடிதம் எல்லாம் என் தலையில். கூட்டக் குறிப்பில் ‘ஊடக இணைப்பாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லாத பதவிக்குப் பெயராவது பெரிதாக இருக்கட்டும்.

விஷயம் இதுதான். லண்டனில் இருக்கிற ஒருவர் தன் தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சைக்கிளுக்குக் காசு அனுப்பினார். வழக்கம்போல ஐயாவின் படம் போட்டுப் பனர் அடித்தோம். தரம் 10 படிக்கிற பிள்ளை, ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை பனரின் நுனியில். முகத்துக்கு நேரே வெயில். “கொஞ்சம் சிரியுங்கோ தங்கச்சி” என்று சொல்லிப் படம் எடுத்தது நான்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் எந்தப் படத்துக்கும் அவ்வளவு லைக் விழுந்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்த வீட்டுப் பக்கம் போனேன். சைக்கிள் தாழ்வாரத்தில் நிற்கிறது. பாரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை, சீற்றில் கோழி எச்சம். தாய் சொன்னா: “பள்ளிக்கூடத்தில திவசச் சைக்கிள் எண்டு கூப்பிடுறாங்களாம் தம்பி. அவள் நடந்துதான் போறாள்.”

அதற்குப் பிறகு நான் ஒரு படமும் போடவில்லை. படம் இல்லாவிட்டால் காசு நிற்கும் என்கிறார் தலைவர். அவர் சொல்வதும் பொய் இல்லை, இந்தத் தவணைக்குக் காசு தந்த மூன்று பேர் “படம் எங்க தம்பி?” என்று கேட்டுவிட்டார்கள். இந்த வேலை செய்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஸ்காபரோ வாசி:

நான் கனடாவிலிருந்து காசு அனுப்புகிற பக்கம். படம் கேட்கிறவன் எல்லாம் பெருமைக்குக் கேட்கிறான் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை ஒரு தையல் மெஷினுக்குக் காசு கொடுத்தேன். அதே மெஷின், சில்லில் அதே உடைவோடு, மூன்று ஊர்ப் படங்களில் வந்தது! அன்றிலிருந்து சந்தேகம்தான். யோசித்துப் பார்த்தால் என்னை ஏமாற்றியதும் படம்தான். எனக்கு வேண்டியது ஆறு மாதம் கழித்து அந்தச் சைக்கிள் என்ன ஆனது என்று யாராவது இரண்டு வரி சொல்வது. அதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொன்று. நீங்கள் காலை எட்டு மணிக்குப் போடுவது கோடையில் எங்களுக்கு முதல் நாள் இரவு பத்தரை. நாங்கள் படுத்திருப்போம்.

வற்றாப்பளை அக்கா:

தம்பி, நான் முல்லைத்தீவில் பல வருடம் இந்த வேலை பார்த்தவள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது முகாம் முகாமாகத் திரிந்தோம். ஒரு முகாமில் ஐந்து வயது இருக்கும், ஒரு பெடியன். நான் நேரம் பார்க்கத்தான் போனை எடுத்தேன். அவன் ஓடிவந்து நேராக நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். பொருள் வாங்குகிற மாதிரி. என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அன்றோடு முகம் எடுப்பதை விட்டேன்.

முதலில் காசு குறையத்தான் செய்தது, மறைக்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டோம். சைக்கிளைக் கவிழ்த்துப் பார், பெடல் அச்சுக்குக் கீழே அனேகமாக ஒரு இலக்கம் அடித்திருக்கும். அந்த இலக்கத்தைக் கடைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக் காசு தந்தவருக்கு அனுப்பு. ஒரே சைக்கிளை மூன்று ஊரில் காட்டுகிற வேலை அதோடு சரி. ஒரு கொப்பியில் அந்த இலக்கத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கு: எப்போது ரியூப் மாற்றியது, எப்போது செயின் அறுந்தது. ஸ்காபரோத் தம்பி கேட்கிற இரண்டு வரி அதில் இருக்கும். படம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடக் கொட்டிலில் மற்றச் சைக்கிள்களோடு நிற்கிறதை எடு. அங்கே எது தந்த சைக்கிள், எது அப்பா வாங்கின சைக்கிள் என்று ஒருவருக்கும் தெரியாது.

சம்மதம் கேட்பதைக் கொடுக்கிற நாளில் வைக்காதே. அன்றைக்கு யார் மாட்டேன் என்பார்கள்? ஒரு மாதம் போகட்டும், தாயிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேள்.

பனர் விஷயத்தில் அந்த லண்டன்காரரைக் குறை சொல்லாதே. தகப்பனை நினைக்க ஆசைப்படுகிற மனுசன். அவரை அழைத்து, ஐயா சைக்கிள் ஓடினவரா என்று கேட்டுப் பார். எங்கள் பக்கத்தில் அந்த வயதில் சைக்கிள் ஓடாத ஆம்பிளை ஏது! ஐயாவின் கதையை எழுதிப் போடு. அவருடைய அப்பாவின் முகத்தைப் போட அவருக்கு உரிமை இருக்கிறது, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை (லண்டன்):

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. ‘சைக்கிளுக்கு’ என்று மட்டும் எழுதிக் காசு சேர்த்தால், இங்கே பதிந்த அமைப்பு அதை வேறெதற்கும் எடுக்க முடியாது. கொப்பி பென்சிலுக்குக் கூடத் தொட முடியாது. வேண்டுகோளின் அடியிலேயே ‘திருத்த வேலைக்கும், மிஞ்சினால் மற்றப் பள்ளித் தேவைகளுக்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விலை எழுதினால் திகதியும் எழுதுங்கள். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகும் பழைய நோட்டீஸைப் பார்த்துப் பழைய விலையை அனுப்பிய ஆட்கள் இருக்கிறார்கள். தந்தவர் இங்கே வரி கட்டுகிறவராக இருந்து, பதிந்த அமைப்பு ஒன்றின் ஊடாகக் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் என்று பவுணுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக எடுக்கலாம். கேட்டுப் பாருங்கள், பலர் அந்தப் படிவத்தை நிரப்புவதே இல்லை.

கண்டாவளையான்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்தரைக்கு அந்த லண்டன்காரருக்குப் போன் எடுத்தேன், அவருக்குப் பின்னேரம் ஆறு மணி. திவசச் சைக்கிள் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தகப்பனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினவர் முக்கால் மணித்தியாலம் நிறுத்தவில்லை. விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்தி வரைக்கும் பின்கரியரில் வாழைக்குலை கட்டிக்கொண்டு போவாராம். அடுத்த நாள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது: சறத்தை மடித்துக் கட்டியபடி ஐயா, பக்கத்தில் ஒரு ராலி சைக்கிள். அதைத்தான் போட்டோம். தலைவர் இன்னும் முறைக்கிறார். கொப்பி வாங்கக் காசு மட்டும் தந்தார்.

பழைய படத்தை அழித்துவிட்டேன். தரவிறக்கிப் போட்ட இரண்டு பக்கங்களில் இன்னும் கிடக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

பிள்ளையின் சைக்கிளை விசுவமடுவுக்குக் கொடுக்க இருந்த வேறு நிறச் சைக்கிளோடு மாற்றிவிட்டோம். உறையை அவளே கிழித்தாள். பெல் மட்டும் அடிக்கவில்லை, சனிக்கிழமை போய் மாற்றிக் கொடுக்க வேண்டும்.