குடும்பக் குழு: இரண்டும் 300 கிராம், ஒன்று மட்டும் ஏன் கனக்கிறது?

அப்பா (மாலை 6:12): நிலாவுக்கு டென்னிஸ் மட்டை வாங்கக் கடைக்கு வந்திருக்கிறோம். நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டிலும் 300 கிராம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் கறுப்பை வீசினால் கையை இழுக்கிறது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சாதிக்கிறார். கார்த்திக், இருக்கிறாயா?

பெரியப்பா (6:13): கனக்கிறதையே எடு. நாங்கள் மர மட்டையில் ஆடி வளர்ந்தவர்கள்.

கார்த்திக் அண்ணா (6:15): சித்தப்பா, இப்போதுதான் ஒரு மட்டைக்கு நரம்பு கட்டி முடித்தேன். எடை அச்சிட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் எண் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் (6:16): நீலத்தில் 320, கறுப்பில் 335 அண்ணா.

கார்த்திக் அண்ணா (6:19): அங்கேதான் வித்தியாசம். கைப்பிடியின் அடியிலிருந்து எத்தனையாவது மில்லிமீட்டரில் தாங்கினால் மட்டை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் என்பதுதான் அந்த எண். மட்டையின் நீளம் 27 அங்குலம், ஏறக்குறைய 686 மி.மீ. அதில் பாதி 343. சமநிலைப் புள்ளி அதற்குக் கீழே இருந்தால் எடை கைப்பிடிப் பக்கம், மேலே இருந்தால் தலைப் பக்கம்.

கார்த்திக் அண்ணா (6:20): இது நரம்பு கட்டாத மட்டையின் கணக்கு. நரம்பு 15, 16 கிராம் வரும், அத்தனையும் தலையில். கட்டியதும் புள்ளி சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறும். அப்போது கறுப்பு நடுவைத் தாண்டிவிடும். நீலம் தாண்டாது.

அம்மா (6:22): ஒன்றரை சென்டிமீட்டருக்கா கடையில் இவ்வளவு நேரம்?

கார்த்திக் அண்ணா (6:25): தராசில் வைத்தால் தெரியாது சித்தி, வீசினால்தான் தெரியும். கையிலிருந்து எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், வீச வேண்டிய பாரம் நான்கு மடங்காகிறது. மட்டையின் உச்சியில் 3 கிராம் ஈய டேப் ஒட்டினால், இந்த வீசும் பாரம், நாங்கள் ஸ்விங் வெயிட் என்று அளப்பது, சுமார் 10 அலகு கூடும். பெரியவர்கள் மட்டையில் அது 320 அலகை ஒட்டி இருக்கும். பழகிய கைக்கு 5 அலகு கூடினாலே தெரிந்துவிடும். அதே 3 கிராமைக் கைப்பிடிக்குள் வைத்துப் பாருங்கள், வைத்ததே தெரியாது.

அம்மா (6:26): ஒட்டடைக் கம்பைக் கீழ் நுனியில் பிடித்தால் தோள் வலிக்கிறது, நடுவில் பிடித்தால் வலிப்பதில்லை. அவ்வளவுதானே?

கார்த்திக் அண்ணா (6:26): அவ்வளவேதான் சித்தி.

அப்பா (6:28): சரி, எதை வாங்குவது? அதைச் சொல்.

கார்த்திக் அண்ணா (6:29): நிலா, நீ எங்கே நின்று ஆடுகிறாய், எந்தப் பந்து தவறுகிறது?

நான் (6:31): பின்கோட்டில்தான் அண்ணா. ஃபோர்ஹேண்டைக் கீழிருந்து மேலே இழுத்து டாப்ஸ்பின் அடிப்பேன். எதிராளியின் சர்வீஸைத் திருப்பும்போதுதான் மட்டை தாமதமாக வருகிறது. மூன்றாவது செட் வந்துவிட்டால் எல்லாப் பந்திலும் அப்படித்தான்.

பெரியப்பா (6:33): டாப்ஸ்பின் என்றால் நடால். தலையில் ஈயம் ஒட்டிக்கொண்டு ஆடியவர். 2008-ல் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் அரையிறுதியில் மோயாவோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் நின்று ஜெயித்தார். கறுப்பையே வாங்கு.

கார்த்திக் அண்ணா (6:35): மறுநாள் இறுதிப் போட்டியில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றதையும் சொல்லுங்கள் அப்பா.

பெரியப்பா (6:35): அது களைப்பு. மட்டை என்ன செய்யும்?

கார்த்திக் அண்ணா (6:39): நானும் களைப்பைத்தான் சொல்கிறேன். தலைக்கனமான மட்டை சுழல ஆரம்பித்துவிட்டால் பந்தை ஆழமாகத் தள்ளும். பின்கோட்டில் நின்று நீளமாக வீச நேரம் இருப்பவருக்கு அது லாபம். ஆனால் அதைச் சுழலவைக்கக் கையில் வலு வேண்டும். நடாலின் கையும் நிலாவின் கையும் ஒன்றா? சர்வீஸைத் திருப்ப முழு வீச்சுக்கு நேரமே கிடைக்காது. இப்போதே தாமதமாகிறது என்கிறாள், கறுப்பு இன்னும் தாமதமாக்கும். நீலம் வாங்குங்கள். ஆறு மாதம் ஆடட்டும். கையில் வலு ஏறிய பிறகு பந்துக்கு வலு போதவில்லை என்று தோன்றினால் உச்சியில் ஒவ்வொரு கிராமாக ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டிய டேப்பை உரித்துவிடலாம். மட்டையோடு வந்த கனத்தைச் சுரண்டி எடுக்க முடியாது.

நான் (6:40): டேப் இல்லாமல் இப்போதே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிப் பார்க்கட்டுமா?

கார்த்திக் அண்ணா (6:40): வேண்டாம். பறந்து போய் யார் மண்டையிலாவது விழும்.

அப்பா (6:44): நீலத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

பெரியப்பா (6:58): கார்த்திக், என்னுடைய மட்டையை மரஸ்கேலின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தேன். நரம்போடு 318. இது நல்லதா கெட்டதா?

கார்த்திக் அண்ணா (7:02): உங்கள் ஆட்டத்துக்கு நல்லது. நடுவுக்கு 25 மி.மீ. கீழே இருக்கிறது. இரட்டையரில் வலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வீசுவதற்கு ஏது நேரம்? பந்து நெஞ்சுக்கு வரும், அடுத்தது முழங்காலுக்கு வரும். தலை லேசாக இருந்தால்தான் அதற்குள் மட்டையைத் திருப்பலாம். ஆனால் மொத்த எடையும் குறைந்துவிட்டால் வேகமான பந்து பட்டதும் மட்டை கையிலேயே முறுக்கிக்கொள்ளும். நல்ல கனம், அந்தக் கனத்தில் பெரும்பகுதி கைப்பக்கம். ஃபெடரர் பெயரில் 2014-ல் வந்த வில்சன் மட்டை நரம்பில்லாமலே 340 கிராம், ஆனால் தலை லேசுதான்.

பெரியப்பா (7:03): அப்படியானால் நான் ஃபெடரர் வகை.

கலா அத்தை (7:05): மட்டையில் மட்டும், பெரியண்ணா.

கலா அத்தை (7:07): கார்த்திக், என் கதைக்கு வா. என்னுடையது 255 கிராம். லேசாக இருக்கிறதே என்றுதான் வாங்கினேன். முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி விட்டபாடில்லை. காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்கிறது.

கார்த்திக் அண்ணா (7:11): அத்தை, அந்தப் பெரிய தலை மட்டைதானே? கையில் எடுத்தால் லேசு, ஆனால் இருக்கிற எடையெல்லாம் தலையில். சின்ன வீச்சிலேயே பந்து போய்ச் சேரட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். புதிதாக ஆடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதனால் வசதி. ஆனால் வேகமான பந்து பட்டால் லேசான மட்டை பின்னுக்குத் தள்ளப்படும், அதிர்வும் கைக்கு வரும். அதைத் தாங்க நீங்கள் கைப்பிடியை இறுக்குகிறீர்கள். முழங்கை மாட்டிக்கொள்வது அந்த இறுக்கத்தில்தான்.

அம்மா (7:13): எடையைக் கூட்டினால் அண்ணியின் வலியும் கூடாதா?

கார்த்திக் அண்ணா (7:17): தலையில் கூட்டினால் கூடும். நான் சொல்வது கைப்பிடியில். இப்போதிருக்கும் செயற்கை கிரிப்பை எடுத்துவிட்டுத் தோல் கிரிப் சுற்றினால் 10 கிராம் வரை ஏறும். சமநிலைப் புள்ளி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கும். வீசும் பாரம் அப்படியே இருக்கும், பந்து படும்போது கைப்பக்கம் ஆட்டம் குறையும். ஆனால் தோல் கிரிப் கடினமானது, மேலே மெத்தென்ற ஓவர்கிரிப் ஒன்று சுற்றித் தருகிறேன். உங்கள் மட்டையில் என்ன நரம்பு கட்டியிருக்கிறது?

கலா அத்தை (7:19): கடையில் கட்டிக் கொடுத்ததுதான். மஞ்சள் நிறம், கம்பி மாதிரி இருக்கிறது.

கார்த்திக் அண்ணா (7:21): பாலியெஸ்டராக இருக்கும். முதலில் அதை அறுத்து எறிய வேண்டும். மென்மையான பல இழை நரம்பாகப் போட்டு, இழுவையையும் நாலைந்து பவுண்டு குறைக்கிறேன். வலிக்குப் பெரும்பாலும் இதுவே பாதி மருந்து. அதுவரை ஆட வேண்டாம். எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிடுங்கள், மட்டையை மாற்றினால் மட்டும் தசைநார் ஆறிவிடாது.

கலா அத்தை (7:22): சனிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறேன். தோல் கிரிப்புக்கு எவ்வளவு ஆகும்?

பெரியப்பா (7:23): அவளிடம் காசு வாங்காதே. ஓவர்கிரிப் எனக்கும் ஒன்று எடுத்து வை.

கார்த்திக் அண்ணா (7:24): உங்களுக்கு ஓவர்கிரிப்பே 5 கிராம் அப்பா, புள்ளி 315-க்கு இறங்கிவிடும். பழையதை உரித்துவிட்டுத்தான் புதியதைச் சுற்ற வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சுற்றி வைத்திருக்கிறீர்கள், போன வாரம் பார்த்தேன்.