‘பிரதர் அண்ட் மீ’ என்று மகள் எழுதியது பிழையா?

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்

விடுமுறை பற்றிய கட்டுரையில் ‘மை கிராண்ட்மதர் கேவ் மேங்கோஸ் டு மை பிரதர் அண்ட் மீ’ என்று என் மகள் எழுதியிருந்தாள். பள்ளியில் ‘மீ’யைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஐ’ என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். “நான் எழுதியது தப்பா அம்மா?” என்று நேற்றிரவு மூன்று முறை கேட்டுவிட்டாள். நான் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். தெரியாமல் பதில் சொல்ல மனம் வரவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

உங்கள் மகள் எழுதியதுதான் சரி, அம்மா. முதலில் அதைக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

நோட்டில் ‘மை பிரதர் அண்ட்’ என்ற மூன்று சொற்களை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். ‘கேவ் மேங்கோஸ் டு ஐ’ என்று யார் சொல்வார்கள்? ‘டு மீ’தான். தம்பி பக்கத்தில் வந்து நின்றதற்காக ‘மீ’, ‘ஐ’ ஆகிவிடாது.

இந்தத் தவறான திருத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ‘மீ அண்ட் மை பிரதர் வென்ட்’ என்று எழுதும் பிள்ளைகளை, ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்று சொல்லச் சொல்லிச் சிறு வகுப்பிலேயே பழக்குகிறோம். அங்கே அது எழுவாய், சரி. அந்தப் பழக்கம் ஊறிப்போய், ‘அண்ட்’ வந்தாலே ‘ஐ’தான் என்று கை எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் வழுக்குகிறார்கள்.

தமிழில் சொல்லிப் பார்த்தாலும் விளங்கும். ‘பாட்டி தம்பிக்கும் எனக்கும் மாம்பழம் கொடுத்தார்’ என்கிறோம். ‘தம்பிக்கும் நானும்’ என்பதில்லை. ‘நான்’ வந்தால் ஐ. என்னை, எனக்கு வந்தால் மீ.

பதில்: மொழிபெயர்ப்பாளர்

ஐயா, விரலால் மறைக்கும் வழி அருமை. ஆனால் கடைசி வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘தம்பிக்கும் எனக்கும் பசித்தது’ என்பது ஆங்கிலத்தில் ‘மை பிரதர் அண்ட் ஐ வேர் ஹங்ரி’. தெரிவது, புரிவது, பிடிப்பது, வேண்டியிருப்பது எல்லாவற்றுக்கும் தமிழில் ‘எனக்கு’ என்கிறோம்; ஆங்கிலத்தில் அங்கெல்லாம் ‘ஐ’தான் எழுவாய். அதனால் சோதனையை ஆங்கில வாக்கியத்திலேயே செய்துபார்ப்பது நல்லது.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அம்மா, என் கடைசி வரியை விட்டுவிட்டு விரலை மட்டும் நம்புங்கள்.

கேள்வி கேட்டவர்

மறைத்துப் படித்தாள்; முகம் மலர்ந்துவிட்டது. இருவருக்கும் நன்றி. அதே பக்கத்தில் ‘வி டிட் நாட் வென்ட் டு தி ரிவர்’ என்று இருக்கிறது. அதை யாரும் திருத்தவில்லை, எனக்குத்தான் இடறுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

உங்களுக்கு இடறியது நியாயம்தான். ‘டிட் நாட் கோ’ என்றே இருக்க வேண்டும். ‘போனோம்’ என்பதை மறுக்கும்போது ‘போனவில்லை’ என்கிறோமா? ‘போகவில்லை’ என்கிறோம். ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் காலத்தை ‘டிட்’ வாங்கிச் சுமக்கிறது. ‘கோ’ வெறுமனே நிற்கிறது. கேள்வியிலும் அப்படித்தான்: ‘டிட் யூ கோ’. ‘ஹி கோஸ்’ என்பதில் உள்ள ‘எஸ்’ ஒலியும் ‘டஸ்’ வந்தால் அதற்கே போய்விடும்: ‘ஹி டஸ் நாட் கோ’. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிப் பிழைகள் குறையும்.

பள்ளியில் பேசும்போது வகுப்பின் நடுவே வேண்டாம். ஆசிரியரைத் தனியே பார்த்து, நோட்டைக் காட்டி, மறைத்துப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

நாளை மாலை போகிறேன், ஐயா. ‘வென்ட்’டையும் காட்டிவிட வேண்டும் என்கிறாள் மகள். அதற்கு அரை மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டுமாம்.